குமரன் முடி கொடுத்த இடம்

1

இந்த நாட்டில் லோங் வீக்கெண்ட் என்று ஒரு சங்கதி உண்டு. சனி, ஞாயிறோடு திங்களையும் சேர்த்து மூன்று நாள் லீவு. சும்மா தருகிறார்களே என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலையில் விளக்கம் கேட்பார்கள்.

நான் மெல்பேர்ணில் சேட்டுக்குக் கொலர் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் பூமிசாத்திரம் படிப்பித்தவள் இங்கே கொலர் தைக்கிறாளே என்று நீங்கள் உச்சுக்கொட்ட வேண்டாம். கொலர் எதிர்த்துக் கதைக்காது, வகுப்புக்குப் பிந்தி வராது. தேநீர் நேரத்தில் எல்லோரும் நீள மேசையைச் சுற்றி இருப்போம். "லீவுக்கு எங்கே போனாய்?" என்று தொடங்குவார்கள். ஒருத்தி கடலுக்குப் போயிருப்பாள், ஒருத்தி மலைக்குப் போயிருப்பாள். என் முறை வரும்போது, "வீட்டிலேதான் இருந்தேன்" என்பேன். உடனே மேசை செத்த வீடு மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவள் என் கையைத் தடவி ஒரு பிஸ்கற் தருவாள்.

போன செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக என்னிடம் ஒரு பதில் இருந்தது.

"ஒரு ஏரிக்கும் பழைய இடிபாடுகளுக்கும் போனோம். அங்கே வைத்து மகனுக்கு மொட்டை அடித்தோம்" என்றேன்.

மேசை அன்றைக்கும் செத்த வீடு மாதிரித்தான் ஆனது. பிறகு ஒருத்தி மெல்லிய குரலில், "ஏன், பிள்ளைக்குப் பேன் பிடித்துவிட்டதா?" என்று கேட்டாள். தேநீர் நேரம் முழுவதும் விளங்கப்படுத்தினேன். மணி அடித்தபோது அவர்களுக்கு விளங்கியிருந்தது, பேன் இல்லை என்பது மட்டும்தான். பிஸ்கற் அன்றைக்கும் கிடைத்தது.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று உங்களுக்கு அரிவரியிலிருந்து சொல்லத் தேவையில்லை. மற்றதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

2

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர், இனிமேல் 'இவர்'. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, கடல் கடந்து வந்தும் வாய் வரவில்லை. பாலம் கட்டுகிற அலுவலகம் ஒன்றில் படம் கீறுகிறார். மகள் வாணிக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பருவம் வந்துவிட்டது. மகன் குமரன் இங்கே பிறந்தவன். இந்தக் கதைக்கு அவனுடைய தலைமயிர்தான் காரணம்.

குமரனுக்கு ஒரு வயது நடக்கும்போது நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அங்கால் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னை இங்கால் நிற்கச் சொன்னார்கள். தாதி வந்து ஏதோ சொன்னாள். ஊரில் மற்றவர்களுக்கு ஆங்கிலக் கடிதம் வாசித்துச் சொன்ன எனக்கு அன்றைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சுவரில் கோட்டு மாட்டுகிற கொக்கி ஒன்று இருந்தது. கும்பிட வேறு ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே, "முருகா, இந்தப் பிள்ளையை எனக்குத் தந்திடு, மூண்டு வயது முடிய முந்தி உன்ரை வாசலிலை முடி இறக்கிறன்" என்று சொன்னேன். விடியக் காய்ச்சல் இறங்கியது. 

முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார். என் பங்குக்குத்தான் வழியில்லை. எண்பதுகள் வந்தும் இந்த நாட்டில் முருகனுக்கென்று ஒரு கோயில் இல்லை. மெல்பேர்ணிலும் இல்லை, சிட்னியிலும் இல்லை. ஒவ்வொரு தமிழர் வீட்டிலும் குசினி அலுமாரிக்குள் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது, அவ்வளவுதான். ஊருக்குப் போக நாலு பேருக்கு விமான ரிக்கற் என்பது இப்போதைக்குக் கனவு.

குமரனின் தலைமயிரோ கோயிலுக்குக் காத்திருக்கவில்லை. சுருள் சுருளாக வளர்ந்து தோளில் விழுந்தது. ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் போகிற வருகிற கிழவிகள் எல்லாம், "எவ்வளவு வடிவான பெண்பிள்ளை!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். இவருக்கு முகம் சிவக்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னார்:

"இஞ்சை பாரும், நானே குளிக்கிற அறைக்குள்ளை வைச்சு வழிச்சு விடுறன். முருகனுக்கு எல்லா இடமும் ஒண்டுதான்."

"முருகனுக்கு ஒண்டுதான். எனக்கு இல்லை. வாசலிலை எண்டு சொன்னனான். தீர்த்தக்கரை வேணும், நாலு சனம் கும்பிட்ட பழைய இடமாய் இருக்கவேணும்."

"அவுஸ்திரேலியாவிலை பழைய இடத்துக்கு நான் எங்கை போவன்?"

"அது உங்கடை பாடு."

சண்டை போடத்தான் அப்படிச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குப் பயம். பிள்ளைக்கு மூன்று முடிய இன்னும் சில கிழமைகளே இருந்தன. குமரன் ஒரு தடவை தும்மினாலும் போதும். சொன்ன சொல் தவறிப்போனால் முருகன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பாரோ என்று இரவில் எழும்பிப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து நான் ஒரு நாளும் ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை.

3

ஒருநாள் பின்னேரம் இவர் சிரித்த முகத்தோடு வேலையால் வந்தார். கூட வேலை செய்கிற வெள்ளைக்காரன் ஒருவன் லோங் வீக்கெண்டுக்கு ஓர் இடம் சொல்லியிருக்கிறான். மேற்குப் பக்கம் கனதூரம் போனால் பெரிய ஏரி ஒன்று இருக்கிறதாம். கரையிலே 'ஏன்ஷியன்ட் ரூயின்ஸ்' இருக்கிறதாம்.

"கருங்கல்லாலை கட்டினதாம்! ஆர் கட்டினதெண்டு அவனுக்கே தெரியாதாம்!" என்றார். 'ஆர்' என்று சொல்லும்போது குரல் ஒருமாதிரி போனது. எனக்கு உடனே விளங்கிவிட்டது.

இவருக்குச் சோழப் பித்து. சிலருக்குக் குதிரைப் பந்தயம், இவருக்குக் கல்வெட்டு. சோழருடைய கப்பல் ஒன்று சாவகத்துக்குப் போகிற வழியில் காற்றில் திசைமாறி அவுஸ்திரேலியாவில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது இவருடைய கொள்கை. நியூசிலாந்தில் தமிழ் எழுத்துள்ள மணி ஒன்று அகப்பட்டதே, பிறகென்ன என்பார். எந்த விருந்துக்குப் போனாலும் பாயாசம் வருவதற்கு முன்னர் அந்த மணி வந்துவிடும்.

வாணிக்கு அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் மாயன் நாகரிகம் பற்றி புரொஜெக்ட். சாப்பாட்டு மேசை முழுக்க மெக்சிக்கோக் காடும், ஏரியும், படிப்படியாக ஏறுகிற கோபுரமுமாகப் படம் வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். ஏரி, இடிபாடு என்று காதில் விழுந்ததும் ஓடிவந்தாள்.

"வில் தெயர் பி எ பிரமிட்?"

"அதைவிடப் பெரிசு இருக்கும்" என்றார் இவர்.

ஆகப் பயணம் முடிவானது. இவர் சோழன் கோயிலுக்கு, வாணி மாயன் கோபுரத்துக்கு, நான் முருகன் வாசலுக்கு என்று ஒரே காரில் மூன்று இடத்துக்குப் புறப்பட்டோம். குமரன் ஏரியில் நீந்துகிற தாரா பார்க்க.

மொட்டை யார் அடிப்பது? இவர்தான். ஒரு பலூனை ஊதி, சவர்க்காரம் பூசி, சவரக்கத்தியால் வழித்துப் பழகினார். முதல் பலூன் நன்றாகத்தான் போனது. இரண்டாவது, குமரன் பக்கத்தில் வந்து வாய் பார்த்துக்கொண்டு நிற்கும்போது படாரென்று வெடித்தது. அன்றிலிருந்து தகப்பன் கையில் சவரக்கத்தியைக் கண்டால் பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். "வெடிக்கும், வெடிக்கும்" என்று தன் தலையைப் பொத்திக்கொள்வான்.

தேங்காய், கற்பூரம், சந்தனம், புது வேட்டி, புளிச்சாதம், இடியப்பம், கட்டிச்சம்பல் எல்லாம் காரில் ஏறின. விரதம் என்பதால் ஒரு கிழமையாக வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. இவர் அதைச் சோழனுக்காகப் பொறுத்துக்கொண்டார். சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். ராகுகாலம் யாழ்ப்பாண நேரமா மெல்பேர்ண் நேரமா என்று படலையடியில் நின்று சண்டை பிடித்ததில், இரண்டு ராகுகாலத்திலும் கொஞ்சம் கொஞ்சம் அகப்பட்டோம் என்று நினைக்கிறேன்.

4

காரில் ரேடியோ, அன்றைக்கு வெளியில் எங்கும் நெருப்பு மூட்டக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னது. "அது வெளியிலை இறைச்சி வாட்டிற ஆக்களுக்கு" என்று சொல்லிவிட்டு இவர் கல்வெட்டு பற்றித் தொடர்ந்தார். வெளியே காய்ந்த புல்வெளி, வேலி, புல்வெளி, வேலி. ஒன்பதாம் வகுப்புக்கு இந்த வெளியை நான் கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன். 'செம்மறி வளர்ப்பு' என்று எழுதிப் புள்ளி புள்ளியாக வைப்பேன். அந்தப் புள்ளிகள் நிஜத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றன.

மத்தியானம் கழிந்து இவர் காரை நிறுத்தினார்.

"ஏரி வந்திட்டுது."

இறங்கிப் பார்த்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று உப்பு. நடுவில் ஒரு பழைய தோணி சரிந்து கிடந்தது. குமரன், "தாரா எங்கை?" என்று கேட்டான்.

"இது ஏரிதான்" என்றார் இவர். "தண்ணிதான் இல்லை."

வரைபடத்தை விரித்தேன். நல்ல நீலமாகத்தான் அடித்திருந்தார்கள். அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு ஏரிகள் பல, கோடையில் வற்றி உப்புத்தரையாகும் என்று எத்தனை பிள்ளைகளுக்குக் குறிப்புச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! ஒரு வருஷம் சோதனையிலும் கேட்டேன். நீலத்தைக் கண்டவுடன் தீர்த்தம் என்று நினைத்துவிட்டேனே என்று என்மேல் எனக்கே கோபம் வந்தது.

"சரி, தீர்த்தம் போனால் போகட்டும். அங்கை பாரும்!" என்று இவர் கத்தினார்.

கரை மேட்டில் கருங்கல் சுவர் தெரிந்தது. பாதிக் கூரை விழுந்துவிட்டது. உள்ளே வரிசையாகத் தூண்கள். எனக்கும் மெய் சிலிர்த்தது, பொய் சொல்லமாட்டேன். இவர் டோர்ச் லைற்றையும் எடுத்துக்கொண்டு, "மண்டபம்! மண்டபம்!" என்று கூவியபடி முழங்கால் அளவு காய்ந்த புல்லுக்குள்ளால் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். வாணி எல்லோரையும் முந்திப் போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினாள்.

ஆட்டுப் புழுக்கை மணம். மரச் சலாகை வைத்த தரை. ஒரு பக்கம் பட்டி பட்டியாகத் தடுப்புகள். தூண் எல்லாம் மரம். வாசலில் ஒரு தகரப் பலகை இருந்தது. வாணி உரத்து வாசித்தாள்.

"அப்பா, இட்ஸ் எ ஷியரிங் ஷெட். செம்மறியின்ரை மயிர் வெட்டிற இடம். நூறு வருசம்தான். தாத்தான்ரை வீடே இதைவிடப் பழசு."

இவர் டோர்ச்சை அணைத்தார். என்ன சொல்ல! தாஜ்மகாலைப் பார்க்கப் போய் மாட்டுக்கொட்டிலில் நின்றவர் மாதிரி நின்றார். இந்த நாட்டுக்காரருக்கு நூறு வருஷம் என்றால் ஆதிகாலம் என்பதை யாராவது எங்களுக்கு விமான நிலையத்திலேயே சொல்லியிருக்கலாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசற்படியில் இருந்து, குமரனை மடியில் வைத்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதேன். "முருகா, நான் என்ன செய்ய? நீ எனக்குத் தந்தனீ, நான் உனக்கு ஒரு வாசலைத் தேடித் தர முடியேல்லையே" என்று வாய்விட்டே சொன்னேன். இவருக்குக் கை கால் ஓடவில்லை. "இஞ்சை பாரும், அழாதையும், திரும்பிப் போய்க் கடற்கரையிலை செய்வம்" என்றார். வாணி தன்பாட்டுக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து தந்தாள்.

அப்போதுதான் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஓர் ஆட்டுக்கடா வந்தது. சுருள் கொம்பு, பெரிய உடம்பு. எங்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. எனக்கு ஊர்த் திருவிழா ஞாபகம் வந்தது. ஒரு நாள் மயில், ஒரு நாள் குதிரை என்று வருகிற முருகன் ஒரு நாள் ஆட்டுக்கடா வாகனத்தில் வருவாரே! கொம்பில் பூமாலையோடு அந்த மரக்கடா தேர்முட்டிக்கு முன்னால் ஆடி ஆடி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் அழுகையை நிறுத்தினேன்.

"இஞ்சேருங்கோ, வாகனம் நிக்கிற இடத்துக்குச் சுவாமி வராமலா இருப்பார்?"

இவர் கடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈரமான என் முகத்தைப் பார்த்தார். ஒரு நாளும் என்னோடு ஒத்துப்போகாத மனுசன், "ஓம், ஓம். இது வாகனசாலைதான்" என்றார்.

5

தேங்காயை வைத்து, சந்தனம் குழைத்து, தட்டில் கற்பூரக் கட்டியை வைத்து நெருப்புக்குச்சியை உரசப் போனேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. வாழ்நாளில் ஒருவரும் என்னை அப்படி அதட்டியதில்லை. உயர்ந்த கிழவர் ஒருவர், தொப்பியும் நாயுமாக ஓடிவந்து என் கையிலிருந்த நெருப்புப் பெட்டியைப் பறித்தார்.

அவர் பெயர் பில். அந்தக் காணியும் கொட்டிலும் ஆடுகளும் அவருடையவை. அவருடைய ஆங்கிலம் மூக்கு வழியாக வரும், அதனால் என் தமிழில் எழுதுகிறேன்.

"உங்களுக்கு விசரா? ஒரு பொறி விழுந்தால் இந்தப் புல்லு முழுக்கப் போய்விடும். என் வீடு, ஆடு, பக்கத்து ஊர் எல்லாம் போய்விடும்!" கிழவர் பெட்டியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகுதான் குமரனைக் கண்டார். சுருள்மயிர், நெற்றியில் திருநீறு, புது வேட்டி. "இந்தப் பெண்பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?"

"பையன்" என்றார் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு. "மொட்டை அடிக்கப் போகிறோம்."

"பேனா?"

இவர் விளங்கப்படுத்தத் தொடங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கி, கந்தபுராணத்துக்குப் போய், வழியில் சோழருடைய கப்பலையும் ஏற்றிக்கொண்டு நெடுநேரம் சொன்னார். நாய் படுத்துவிட்டது. பில் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை சாகப் பார்த்தது. நீ கடவுளுக்கு அதன் மயிரைத் தருவதாகச் சொன்னாய். அப்படித்தானே?"

"ஓம்" என்றேன். ஆங்கிலத்தில் சொல்ல மறந்துபோனேன்.

"அப்படியென்றால் சரியான கடைக்குத்தான் வந்திருக்கிறாய்" என்று சேட்டுக் கையை மடித்தார்.

நெருப்பில்லாமல் எப்படித் தீபம் காட்டுவது? இவர் பாலத்துக்குப் படம் கீறுகிறவர் அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்தார். காரைக் கொட்டில் வாசலுக்கு நேரே கொண்டுவந்து இரண்டு லைற்றையும் உள்ளே அடித்தார். "ஹை பீம் போடுங்கோ!" என்றேன். இருட்டுக் கொட்டில் மூலைவரை பளிச்சென்றது. கடா திடுக்கிட்டுத் தலை நிமிர்த்தியது. காரை எடுத்துச் சுற்ற முடியாது. ஆகையால் குமரனைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்தில் நான்தான் மூன்று தரம் சுற்றினேன். "அரோகரா" என்று இவர் காருக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். அதே உற்சாகத்தில் ஹோர்னையும் அமத்தினார். மேளத்துக்குப் பதிலாம்.

பிறகு இவர் சவரக்கத்தியை எடுத்தார். குமரன், "வெடிக்கும்!" என்று அலறித் தடுப்புக்கு மேலால் பாய்ந்தான். இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வாணி ஒரு பக்கம் கலைத்துப் பிடிக்கப் பார்த்தோம். வெளியே நின்ற செம்மறிகள் கத்தின. பிள்ளை வியர்வையில் மீன்போல வழுக்கினான்.

"விலகுங்கள்" என்றார் பில். ஒரு கையால் குமரனை அள்ளி, தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் குண்டியில் இருத்தி, முதுகைத் தன் வயிற்றோடு சாய்த்தார். அவ்வளவுதான். மூன்று பேர் பிடித்து நில்லாத பிள்ளை மூச்சுக் காட்டாமல் கூரையைப் பார்த்தபடி இருந்தான்.

"ஆட்டையும் இப்படித்தான்" என்றார் பில். "குண்டியில் இருத்திவிட்டால் அது யோசிக்கத் தொடங்கிவிடும்."

முதல் சுருளை இவர் வெட்டினார். மற்றதைப் பில் பார்த்துக்கொண்டார். ஆட்டுக் கத்தரிக்கோலால் மேலாக வெட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் சவரக்கத்தியும் சவர்க்காரமும் கொண்டுவந்து வழித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாம் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது என் பிள்ளை உரித்த பலாக்கொட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தான். வாணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து தம்பியின் தலையில் முத்தம் கொடுத்தாள்.

குளிக்க வார்க்க ஏரியில் தண்ணீர் இல்லையே! பில் தன் மழைத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தார். மாதக்கணக்காய் மழை இல்லாத இடத்தில் அந்த வாளித் தண்ணீரை அவர் பார்த்த பார்வையிலேயே அது தீர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. வார்த்தேன். தலையில் சந்தனம் பூசினேன்.

"வெயிலுக்குப் பூசுகிற களிம்பா? நல்ல யோசனை" என்றார் பில்.

முடி இறக்கியவருக்குத் தட்சணை கொடுக்க வேண்டும். தட்டில் அரிசியும் தேங்காயும் வெற்றிலைக்குப் பதிலாக லெற்றஸ் இலையும் வைத்து நீட்டினேன். வேண்டாம் என்றார். வாங்காவிட்டால் நேர்த்தி முடியாது என்றேன். வாங்கி, தேங்காயைக் காதருகில் ஆட்டிப் பார்த்து, வேகமாக வீட்டுக்குள் போனார். சும்மா வாங்கக் கூடாது என்று அவருடைய ஊரிலும் வழக்கம் இருக்கிறது போல. திரும்பி வரும்போது கையில் துணி சுற்றிய முழு ஆட்டுத்தொடை ஒன்று இருந்தது. நான் விரதக்காரி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். இவர் முந்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். அன்று முழுக்க அந்த முகத்தில் காணாத பக்தியை அப்போதுதான் கண்டேன்.

6

கொட்டில் சுவரில் உள்பக்கம் முழுக்கப் பெயர்கள். ஆட்டுக்குச் சூடு வைக்காமல் அடையாளம் போடப் பூசுகிற கறுப்பு மையால் எழுதியவை. அங்கே மயிர் வெட்டிய ஆட்கள் ஒவ்வொரு வருஷமும் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போவார்களாம். கடைசிப் பெயருக்குக் கீழே நிறைய இடம் வெறுமையாகக் கிடந்தது.

"இவர்களுக்கு முன்னர் இங்கே யார் இருந்தார்கள்?" என்று வாணி கேட்டாள்.

பில் ஏரிப் பக்கம் தலையை ஆட்டினார். "கறுப்பு மனுசர். இந்த ஏரியைச் சுற்றி எப்போதும் அவர்கள்தான். அக்கரையில் அவர்கள் அடுக்கின கல்லு இருக்கிறது. எவ்வளவு பழசென்று ஒருவருக்கும் தெரியாது." இந்த நாட்டின் ஆதிக்குடிகளைத்தான் சொன்னார்.

"இப்ப அவர்கள் எங்கே?"

பில் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.  இவர் அங்கே நிற்கும்வரை சோழருடைய கப்பலைத் திரும்ப எடுக்கவில்லை. உண்மையில் பழைய இடம் அக்கரையில் இருந்தது. அது எங்களுக்கு மொட்டை அடிக்க வந்து நிற்கிற இடம் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அந்தப் பக்கம் பார்த்து நான் கும்பிட்டேன், அவ்வளவுதான்.

கொஞ்சம் பொறுத்து, பில் மைத் தகரத்தையும் தூரிகையையும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "இங்கே மயிர் வெட்டினவன் எல்லாம் எழுதியிருக்கிறான். கொடுத்தவன் ஒருத்தனும் எழுதவில்லை. எழுது."

"ஆங்கிலத்திலா?"

"உன் கடவுள் வாசிக்கிற பாஷையில்."

நான் தூரிகையைத் தோய்த்தேன். "பொறும், பொறும்!" என்று இவர் ஓடிவந்தார். "கல்வெட்டெண்டால் ஒரு முறை இருக்கு. முதலிலை 'ஸ்வஸ்தி ஸ்ரீ' போடவேணும்." போட்டேன். "இனி, ஆர், என்ன குடுத்தது எண்டு எழுதும்." கருங்கல்லில் பெரிய எழுத்தாக எழுதினேன். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை அல்லவா, கோணாமல் வந்தது.

'ஸ்வஸ்தி ஸ்ரீ. குமரன் முடி கொடுத்த இடம்.'

இவர் டோர்ச் லைற்றை எடுத்து அதன்மேல் அடித்துப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தாக, விரலால் தொடாமல் தொட்டு, முழுக்க வாசித்தார். அன்று காலையிலிருந்து தேடியதைக் கண்டவர் மாதிரி முகம் இருந்தது. 

திரும்பி வரும்போது காரில் நான் குமரனை அணைத்தபடி நித்திரையாகிப் போனேன். வழியில் இரண்டு தரம் பெற்றோல் அடித்ததும் தெரியாது, இவர் சோழரைத் திரும்பத் தொடங்கியதும் தெரியாது. வாசலில் கார் நின்றபோது வாணிதான் என்னை எழுப்பினாள்.

இன்று காலை வாணியின் வகுப்பு ரீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தாள். மாயன் புரொஜெக்ட் மேசையில் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் வாணி ஒரு கருங்கல் சுவரைக் கீறி, அதில் தமிழ் எழுத்தில் அந்த வரியை எழுதியிருந்தாள். இங்கே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவள் தானாகத் தமிழ் எழுதி நான் கண்டது அதுதான் முதல் தடவை. 'ஸ்ரீ' கூடப் பிழையில்லாமல் இருந்தது.

"இப்படி ஒரு கல்வெட்டு இங்கே இருப்பதாக உங்கள் மகள் எழுதியிருக்கிறாள்" என்றாள் ரீச்சர். "நான் கேள்விப்பட்டதே இல்லையே. இது உண்மையா?"

இவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "ஓம், உண்மைதான்" என்றார். "என் கண்ணாலே பார்த்தேன்."

"எந்த நூற்றாண்டு?"

இவர் என்னைப் பார்த்தார். எழுதியவள் நான்தானே, நான்தான் சொல்ல வேண்டும் என்பதுபோல. குமரன் மொட்டைத் தலையை என் தோளில் வைத்து, குறட்டை விட்டபடி, நல்ல நித்திரை. தலையைத் தொட்டுப் பார்த்தேன். முள்முள்ளாகக் கொஞ்சம் வளர்ந்திருந்தது. சூடு இல்லை.

"எங்களுடைய நூற்றாண்டு" என்றேன்.